எழுபத்திரண்டு படி

— எந்திரிக்கவே மாட்டேங்குது டாக்டரம்மா. அதட்டியும் பாத்துட்டேன், கெஞ்சியும் பாத்துட்டேன். கல்லு மாதிரி படுத்திருக்கு.

— யாரு, மூட்டையா?

— மூட்டையேதான். வேற எந்த நாய்க்காக நான் காலங்காத்தால உங்களைக் கூப்பிடப்போறேன்?

— பதறாதீங்க மெக்கானிக் சார். முதல்ல எங்க இருக்கீங்கன்னு சொல்லுங்க. ரோட்டுலயா, வெயில்லயா?

— வெயில் இல்ல. படிக்கட்டு. மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல, படி திரும்புற இடம். கரெக்டா அறுபத்திமூணாவது படி.

— நில்லுங்க. நான் எத்தனை மாடி சொன்னேன்?

— கேளுங்க டாக்டரம்மா, என்ன ஆச்சுன்னா...

— எத்தனை மாடி சொன்னேன் சார்?

— ரெண்டு.

— ரெண்டு. இந்த வாரம் பூரா ரெண்டு. அடுத்த வாரம் மூணு, அதுவும் நான் பாத்துட்டு. படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பினேன். இப்ப மூணு முடிச்சு நாலாவதுல பாதியில இருக்கீங்க.

— தப்புதான்.

— தப்புன்னு சாவகாசமா சொல்றீங்க! நாப்பத்தோரு கிலோவுல அது உள்ள வந்தப்ப என் கிளினிக் வாசப்படி ஏறவே ரெண்டு தடவை உக்காந்துச்சு, ஞாபகம் இருக்கா? ஏழு வயசு. இடுப்பு ஏற்கெனவே லூசு. பத்து நிமிஷம் மண்தரையில நடக்க வெச்சுல்ல ஆரம்பிச்சோம்? வாரத்துக்குப் பத்துல ஒரு பங்குக்கு மேல கூட்டக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?

— சொன்னீங்க. எல்லாம் நோட்டுல இருக்கு. லிஃப்டுக்கு சர்வீஸ் ரிஜிஸ்டர் எழுதுற மாதிரி ஒரு நாள் விடாம எழுதியிருக்கேன். நடந்த நிமிஷம், நின்ன இடம், வெளிக்கிப் போனது உட்பட. ரெஸ்ட்டு நாள்னா ரெஸ்ட்டுதான். இன்னிக்குத்தான், இன்னிக்கு ஒரே ஒரு நாள்தான் லோடு கூட்டிட்டேன்.

— ஒரு நாள் போதும் சார், முட்டி ஜவ்வு அறுந்து போக. சரி, திட்டுறதை அப்புறம் வெச்சுக்கறேன். இப்ப நான் கேக்குறதுக்கு நேரா பதில் சொல்லுங்க. கதை வேண்டாம். கண்ணு திறந்திருக்கா?

— திறந்திருக்கு. என்னையே பாக்குது.

— பேர் சொன்னா காது அசையுதா?

— மூட்டை... டேய் மூட்டை... அசையுது. வாலும் ஒரு தட்டு தட்டுச்சு.

— நல்லது. உதட்டைத் தூக்குங்க. ஈறு என்ன கலர்?

— ரோஸ்.

— ரோஸா, செக்கச்செவேல்னு இருக்கா, வெளுத்திருக்கா?

— ரோஸ்தான். எப்பவும் இருக்குற ரோஸ்.

— விரலால அழுத்தி எடுங்க. வெள்ளையா மாறும். கலர் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாருங்க.

— அழுத்தினேன்... ஒண்ணு... வந்துடுச்சு. ரெண்டு எண்ணவே இல்ல.

— நாக்கு? நீளமா தொங்குதா? எச்சில் நூல் மாதிரி கெட்டியா வடியுதா?

— இல்ல. வாயே மூடித்தான் இருக்கு.

— மூடியிருக்கா? இரைக்கல?

— இரைக்கல.

— அறுபத்திமூணு படி ஏறின நாய் இரைக்கலியா? ஏறி எவ்வளவு நேரம் ஆச்சு?

— இருக்கும்... கால்மணி நேரம். வந்தப்ப கொஞ்சம் இரைச்சுச்சு. அஞ்சு நிமிஷத்துல அடங்கிடுச்சு. நீங்க சொன்னீங்களே, பத்து நிமிஷத்துல மூச்சு பழைய நிலைமைக்கு வரணும், வரலேன்னா நாம அதிகமா வேலை வாங்கிட்டோம்னு அர்த்தம்னு. அஞ்சுலயே வந்துடுச்சு டாக்டரம்மா. நான் அதை நெனச்சு சந்தோஷப்பட்டுட்டு இருந்தேன்.

— விலா ஏறி இறங்கறதை எண்ணுங்க. அரை நிமிஷம். நான் கடிகாரம் பாக்குறேன். ம், ஆரம்பிங்க... போதும். எத்தனை?

— பன்னெண்டு.

— அப்ப நிமிஷத்துக்கு இருபத்திநாலு. படுத்துத் தூங்குற நாய் மாதிரி. சரி, காலுக்கு வருவோம். பின்னங்கால் ரெண்டையும் மெதுவா தடவுங்க. தொடையிலேர்ந்து கீழ. எங்கயாவது இழுக்குதா, முனகுதா?

— இல்ல. சொகமா நீட்டிக் குடுக்குது.

— பாதம்? வெடிப்பு, ரத்தம்?

— சுத்தம். நேத்துதான் நகம் வெட்டினேன்.

— வயிறு கல்லு மாதிரி உப்பியிருக்கா?

— மெத்துமெத்துனு இருக்கு.

— காலையில தின்னுச்சா?

— ஏறதுக்கு முன்னாடி ஒண்ணும் போடல. இறங்கித்தான் சாப்பாடு. நீங்க சொன்னபடி.

— தண்ணி காட்டுங்க.

— குடிச்சுது. பாதி பாட்டில். உள்ளங்கையில ஊத்தினா நக்கி நக்கிக் குடிக்குது.

— சார், நீங்க சொல்றதைப் பாத்தா நாய்க்கு ஒண்ணுமே இல்லியே!

— அதான் நானும் கேக்குறேன். ஒண்ணுமில்லேன்னா ஏன் எந்திரிக்கல? என் தொடை மேல குறுக்கப் படுத்துட்டு அமுக்குது. முப்பத்திமூணு கிலோவும் என் மேலதான். நான் எந்திரிக்கப் போனா சட்டையைக் கவ்வி இழுக்குது. இப்படி ஒரு நாளும் பண்ணதில்ல.

— நீங்க உக்காந்திருக்கீங்களா?

— ஆமா.

— எது முதல்ல? அது படுத்துச்சா, நீங்க உக்காந்தீங்களா?

— நான்தான் சும்மா... ஒரு நிமிஷம் உக்காரலாம்னு...

— போன்ல ஒரு மூச்சு கேக்குது. ரொம்ப நேரமா கேக்குது. நாய் இரைக்குதுன்னு நெனச்சுத்தான் இவ்வளவு கேள்வி கேட்டேன். அது யாரு மூச்சு சார்?

— அது நான்தான் டாக்டரம்மா.

— நெஞ்சு வலிக்குதா?

— வலின்னு சொல்ல முடியாது. லிஃப்டு ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுட்டா உள்ள இருக்குறவங்களுக்கு ஒரு மாதிரி அடைக்கும் பாருங்க, அந்த மாதிரி.

— கை?

— இடது கை மரத்துக் கெடக்கு. நாய் மேல படுத்திருக்கு, அதனாலனு நெனச்சேன்.

— நாய் தொடை மேலதானே படுத்திருக்கு, கை எப்படி சார் மரக்கும்? வேர்க்குதா?

— சட்டை நனைஞ்சு போச்சு.

— அசையாதீங்க. காதுல விழுதா? எந்திரிக்கக் கூடாது, நாயைத் தள்ளக் கூடாது, படி இறங்கக் கூடாது. சுவத்துல சாஞ்சு, முட்டியை லேசா மடக்கி, அப்படியே இருங்க. மேல் பட்டனைக் கழட்டுங்க. போனை ஸ்பீக்கர்ல போட்டு மடியில வெச்சுக்குங்க. என்கிட்ட இன்னொரு போன் இருக்கு, ஆம்புலன்ஸைக் கூப்பிடுறேன்.

— அதெல்லாம் வேணாம். நீங்க ஒரு எட்டு வந்து மூட்டையைப் பாத்தா...

— நான் மாட்டு டாக்டர், நாய் டாக்டர். உங்களுக்கு நான் வந்து என்ன புண்ணியம்? இங்க மேஜையில ஒரு பூனை ஆபரேஷன் முடிஞ்சு மயக்கம் தெளியாம கெடக்கு, அதை விட்டு நகரவும் முடியாது. கட்டடம் எது?

— பழைய இன்சூரன்ஸ் ஆபீஸ். மார்க்கெட் பின்னாடித் தெரு. நாலு மாடி.

— உள்ள வேற யாரும் இல்லியா?

— இன்னிக்கு லீவு. முப்பத்தஞ்சு வருஷம் இந்தக் கட்டடத்து லிஃப்டைப் பாத்தவன் நான், அதனால சாவி குடுத்து வெச்சிருக்காங்க. ஆபீஸ் திறக்கறதுக்கு முன்னாடி ஏறி இறங்கிட்டுப் போயிடுவோம். கேட்டை உள்பக்கமா பூட்டிட்டுத்தான் ஏறினேன். நாய் தெருவுக்கு ஓடிடக் கூடாதுன்னு.

— சாவி?

— என் பையில.

— சரி. பேசிட்டே இருங்க. நிறுத்தக் கூடாது. அந்தப் பக்கம் ரிங் போகுது... ஹலோ, ஆம்புலன்ஸா? மார்க்கெட் பின்னாடித் தெரு, பழைய இன்சூரன்ஸ் கட்டடம்... என்னது?... எப்ப?... யாரு?... சரி சரி. கேட் உள்பக்கம் பூட்டியிருக்கு, உடைச்சுட்டு வரச் சொல்லுங்க... சார், இருக்கீங்களா?

— இருக்கேன். பூட்டை உடைக்கக் கூடாது டாக்டரம்மா. என் பொறுப்புல இருக்கிற பூட்டு.

— பூட்டு கெடக்கட்டும். நீங்க ஏற்கெனவே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டீங்களா?

— நானா? நான் உங்களைத்தான் கூப்பிட்டேன்.

— அந்தக் கட்டடத்துக்கு வண்டி கிளம்பிப் பத்து நிமிஷம் ஆச்சாம். யாரோ ஒரு அம்மா போன் பண்ணினாங்களாம்.

— வேற ஏதாவது கட்டடமா இருக்கும். இங்க நான் விழுந்தது யாருக்கும் தெரியாது.

— விழுந்தீங்களா? உக்காந்தேன்னு சொன்னீங்க!

— உக்காரப் போனேன். அதுக்குள்ள விழுந்துட்டேன்.

— கடவுளே. ஆம்புலன்ஸ்காரங்க கேக்கச் சொன்னாங்க, உங்களுக்கு நெஞ்சுக்கு ஏற்கெனவே மாத்திரை ஏதாவது குடுத்திருக்காங்களா?

— சட்டைப் பையில இருக்கு. நாக்குக்கு அடியில வைக்கிறது.

— சட்டைப் பையில வெச்சுட்டா கால்மணி நேரமா நாயோட நாக்கைப் பத்திப் பேசிட்டு இருந்தீங்க? வைங்க! ஒண்ணே ஒண்ணு. இப்பவே.

— வெச்சுட்டேன்.

— அந்த மாத்திரையை யாரு குடுத்தா? எப்ப?

— மூணு மாசம் முன்னாடி. பெரியாஸ்பத்திரியில. ரத்தக்குழாய் மூணு அடைச்சுருக்காம். திறந்து பாக்கணும்னாங்க. திங்கக்கிழமை அட்மிஷன்.

— திங்கக்கிழமைன்னா நாளை மறுநாள்!

— ஆமா.

— மூணு அடைப்பை வெச்சுட்டு மூணு மாசமா என்கிட்ட வந்து நாயை எப்படி நடக்க வைக்கணும், எப்படி மூச்சைக் கூட்டணும்னு பாடம் கேட்டுட்டுப் போனீங்களா? உங்களைப் படி ஏறலாம்னு எந்த டாக்டர் சொன்னார்?

— ஒருத்தரும் சொல்லல. ஏறாதேன்னுதான் சொன்னாங்க. கேளுங்க டாக்டரம்மா, நான் மெதுவாத்தான் ஏறினேன். மூட்டை வேகத்துக்கு. ஒரு படி, ஒரு நிப்பு. நீங்க அதுக்குச் சொன்னதெல்லாம் எனக்கும் சேத்துத்தான்னு நெனச்சுக்கிட்டேன்.

— அப்படி எதுக்கு அது நாலு மாடி ஏறணும்? தரையில நடந்தாலே இளைச்சிருக்குமே. பொண்ணு வீடு மாடியில இருக்கு, அதனால படி பழக்கணும்னு சொன்னீங்க. போறப்ப ரெண்டு பேர் சேந்து தூக்கிட்டுப் போகலாமே?

— ஒரு நாள் தூக்கலாம். தினம் யாரு தூக்குவா? காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வெளிய போயாகணும் அதுக்கு. அந்த வீட்டுல லிஃப்டு கிடையாது. எழுபத்திரண்டு படி. இங்கயும் எழுபத்திரண்டு. எண்ணிப் பாத்துத்தான் இங்க கூட்டிட்டு வந்தேன்.

— தினமும்னா? நாய் அங்கயே இருக்கப்போகுதா?

— நாளைக்குக் கொண்டு போய் விடறதா இருந்தேன்.

— உங்களுக்கு ஆபரேஷன் முடியற வரைக்குமா?

— அறுபத்தாறு வயசு. மூணு அடைப்பு. நான் மெஷினைப் பாத்தவன் டாக்டரம்மா. எது திரும்ப ஓடும், எது ஓடாதுன்னு ஒரு கணக்கு எனக்குத் தெரியும்.

— உங்க கணக்கைத் தூக்கிக் குப்பையில போடுங்க. மூட்டையோட அட்டையில பொண்ணு நம்பர்னு ஒண்ணு இருக்கு. கூப்பிடுறேன்.

— வேணாம்!

— கத்தாதீங்க, நெஞ்சு! ரிங் போகுது.

— வேணாம் டாக்டரம்மா. தயவுபண்ணி. அது பொண்ணு வீடுதான், ஆனா அங்க பொண்ணு இல்ல. அவ வெளிநாட்டுல இருக்கா.

— அப்புறம் யாரு எடுப்பாங்க?

— அவங்கம்மா.

— உங்க வீட்டுக்காரம்மா?

— இப்ப அப்படிச் சொல்லலாமான்னு தெரியல. ஆறு வருஷம் ஆச்சு. பொண்ணு கல்யாணத்தன்னிக்கு ஒரு லிஃப்டு நடுவுல நின்னு போச்சு. உள்ள ஏழு பேரு. ஒருத்தி மாசமா இருந்தா. கூப்பிட்டாங்க, போனேன். வெளிய எடுத்துட்டு வந்து பாக்குறப்ப மண்டபத்துல நாற்காலி மடக்கிட்டு இருந்தாங்க.

— அப்ப தாலி கட்டினதையே பாக்கலியா?

— பாக்கல. அவங்கம்மா ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா சமாளிச்சிருப்பேன். பெட்டியை எடுத்துட்டுப் பொண்ணு வாங்கின வீட்டுக்குப் போயிட்டா. மூட்டை அப்ப குட்டி. அவ ஆசைப்பட்டு வாங்கினது. ரெண்டு தடவை ஆள் விட்டுக் கேட்டா. குடுக்கல. அது என்கிட்ட இருந்தா ஒரு நாள் அதைப் பாக்கவாவது வருவான்னு... பிஸ்கட்டாப் போட்டுப் போட்டு மூட்டை ஆக்கினதுதான் மிச்சம்.

— போன் அடிச்சுட்டே இருக்கு. எடுக்கல.

— எடுக்க மாட்டா. தூங்கிட்டு இருப்பா. இல்லேன்னா முட்டி வலின்னு எழுந்து வர நேரமாகும். ரெண்டு வருஷமா அவ கீழ இறங்குறதே இல்லேன்னு பொண்ணு சொல்லுச்சு. நாலு மாடி, லிஃப்டு இல்ல. காய்கறிகூடக் கூடையைக் கயித்துல இறக்கித்தான் வாங்குறாளாம். ஊர்ல இருக்கிற லிஃப்டை எல்லாம் ஓட வெச்சேன், அவ வீட்டுக்கு ஒண்ணு இல்ல.

— அதனாலதான் நாயை அனுப்புறீங்களா?

— தனியா இருக்கா. மூட்டை இருந்தா வீட்டுல ஒரு சத்தம் இருக்கும். வெளிய கூட்டிட்டுப் போக கீழ் வீட்டுப் பொண்ணு ஒருத்தி இருக்கா, பேசிட்டேன். ஆனா படி மட்டும் அதுவாத்தான் ஏறணும். ஏறுதான்னு இன்னிக்கே பாத்துடணும். நாளைக்கு அவ வாசல்ல போய் நின்னு, பாதியில உக்காந்துடுச்சுன்னா...

— சார், குரல் இறங்குது. சத்தமாப் பேசுங்க.

— ஏறிடுச்சு டாக்டரம்மா. நான்தான் உக்காந்துட்டேன்.

— மூட்டை என்ன பண்ணுது?

— கையை நக்குது. மரத்த கையை.

— பேசிட்டே இருங்க. முதல் நாள் எத்தனை நிமிஷம் நடந்துச்சு? நோட்டுல என்ன எழுதினீங்க?

— பத்து... நிமிஷம். மூணு தடவை நின்னுச்சு.

— ரெண்டாவது வாரம்?

— பதினொண்ணு.

— ஆறாவது வாரம்? சார்? ஆறாவது வாரம் சரிவுல ஏத்தினோமே, எவ்வளவு நேரம்?

— ...

— மெக்கானிக் சார்! ஆறாவது வாரம்!

— சத்தம் கேக்குது. கீழ.

— என்ன சத்தம்?

— பூட்டு. உடைக்கிறாங்க.

— உடைக்கட்டும். மூட்டையோட பட்டையைப் பிடிச்சுக்குங்க. ஆளுங்க வந்தா பாயப்போகுது.

— லிஃப்டு... அவங்ககிட்டச் சொல்லுங்க. கீழ நுழைஞ்சதும் வலது பக்கம் ஒரு பெட்டி. கைப்பிடியை மேல தள்ளணும். படியில ஸ்ட்ரெச்சர் திரும்பாது. மூணாவது மாடி வரைக்கும்...

— நீங்களே சொல்லுங்க, பக்கத்துல வந்துட்டாங்கள்ல?

— வந்துட்டாங்க. ரெண்டு பேரு. டேய் மூட்டை, விடு... விடுறா... நல்லவங்க...

— ஹலோ? சார்? நாய் குலைக்குது, ஒண்ணும் புரியல. ஹலோ, யாராவது போனை எடுங்க! மூட்டை! மூட்டை, உக்காரு! நான் டாக்டர் பேசுறேன். உக்காரு! அப்படித்தான். கண்ணு, அவங்களை விடு. அப்படித்தான்...

— ...

— ஹலோ? என்ன ஆச்சு? மூச்சு இருக்கா? யாராவது சொல்லுங்க. ஹலோ?

— கத்தாதீங்க. காது வலிக்குது.

— யாரு?

— ஸ்ட்ரெச்சர் மேல இந்தப் போன் கெடந்து கத்திட்டே இருந்துச்சு. வண்டிக்காரர் எடுத்து என் கையில குடுத்துட்டார்.

— அவர் எப்படி இருக்கார்?

— நாடி இருக்குங்கறாங்க. கண்ணு திறந்து பாத்தார். என்னத்த பாத்தாரோ, திரும்ப மூடிக்கிட்டார். மூக்குல குழாய் மாட்டியிருக்கு. பெரியாஸ்பத்திரிக்குச் சொல்லியாச்சாம், அங்க தயாரா இருக்காங்களாம்.

— நாய்?

— லிஃப்டுல அவரோடதான் இறங்குச்சு. இப்ப என் கால்ல முகத்தை வெச்சுட்டு நிக்குது. என்னமா இளைச்சிருக்கு.

— நீங்க யாரும்மா?

— நாய் அட்டையில பொண்ணு வீட்டு நம்பர்னு ஒண்ணு எழுதியிருப்பார். அந்த வீட்டுல இருக்கிறவ.

— நான் இவ்வளவு நேரம் அந்த நம்பருக்குத்தானே அடிச்சேன். யாரும் எடுக்கலியே!

— மாடியில அடிச்சிருக்கும். நான் அங்க இல்ல. ஒவ்வொரு படியா உக்காந்து உக்காந்து இறங்கிட்டு இருந்தேன்.

— உங்களுக்கு யாரும்மா சொன்னா?

— யாரு சொல்லணும்? இந்தப் படிக்கட்டு ஜன்னல் என் பால்கனிக்கு நேர் எதிர்ல இருக்கு. அஞ்சு வாரமா தினம் விடிஞ்சதும் அங்கதான் நிக்கிறேன். ஆரம்பத்துல ஒரு ஜன்னலோட திரும்பிடுவாங்க, அப்புறம் ரெண்டு. இன்னிக்கு மூணாவதுலயும் ரெண்டு தலை தெரிஞ்சுது. நாலாவதுல வரும் வரும்னு பாத்தேன், வரல. கீழயும் வரல. வண்டிக்குச் சொல்லிட்டு நான் இறங்க ஆரம்பிச்சுட்டேன்.